மூட்டுவாதக்காரர்களே நடத்தும் கற்றல் குழு: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான முழு வழிகாட்டி

மருத்துவர் மாத்திரை எழுதித் தருகிறார். அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே விடியற்காலையில் மாட்டில் பால் கறப்பது எப்படி, களி கிண்டுவது எப்படி, வலிக்கிறது என்றால் நம்பாத வீட்டாரிடம் என்ன பேசுவது, கூலியை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளை எப்படிச் சமாளிப்பது, இதையெல்லாம் உட்கார்ந்து சொல்லித்தர வெளிநோயாளிப் பிரிவில் யாருக்கும் நேரம் கிடையாது. இதே நோயோடு பல வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு இவையெல்லாம் தெரியும். தெரிந்ததை அவர் ஒழுங்காகவும் ஆபத்தில்லாமலும் இன்னொருவருக்குக் கற்றுத்தர ஒரு முறை வேண்டும். அதை நம் ஊரில் எப்படி நடத்துவது என்று முதலிலிருந்து எழுதுகிறேன். நானும் முடக்குவாதத்தோடு வாழ்கிறவள்தான், பாலக்கோடு பக்கம்.

யாருக்கான குழு

மூட்டில் வலி உள்ள எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தால் யாருக்கும் பயன் இருக்காது. இந்தக் குழு, உடலின் எதிர்ப்பு சக்தியே தன் மூட்டுகளைத் தாக்கும் நோய்கள் உள்ளவர்களுக்கு. முடக்குவாதம் இதில் முதல். பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள். கை, கால் விரல்களின் சிறு மூட்டுகள் இரண்டு பக்கமும் சேர்ந்து வீங்கும். காலையில் எழுந்தால் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். அடுத்தது முதுகுத்தண்டு இறுகும் ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். இது பெரும்பாலும் 40 வயதுக்கு முன்பே தொடங்குகிறது. படுத்தால் கூடி, நடந்தால் குறையும் முதுகுவலி இதன் அடையாளம். ஓசூர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கும் ஒரு பையன் "மெஷின்ல நின்னு நின்னு முதுகு போச்சு" என்று வருஷக்கணக்கில் வலி மாத்திரையோடு ஓட்டிவிட முடியும், யாருக்கும் சந்தேகம் வராது. சொரியாசிஸ் என்ற தோல் நோயோடு சேர்ந்து வரும் மூட்டு அழற்சி மூன்றாவது.

நம் இரண்டு மாவட்டங்களுக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் உள்ள தண்ணீரைப் பல வருஷம் குடித்தவர்களுக்குப் பல்லில் காவி படிவதோடு நிற்காது. எலும்பும் தசைநாரும் இறுகி, கழுத்தும் முதுகும் வளையாமல் போகும். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் தொடங்கியது. ஆனால் அதற்கு முன் குடித்த தண்ணீர் எலும்பில் ஏறியது ஏறியதுதான். ஆக, "மூட்டு இறுகிப்போச்சு" என்று வரும் ஒருவருக்கு ஃபுளோரைடா, முடக்குவாதமா, வயசான தேய்மானமா, சிக்குன்குனியா விட்டுப்போன வலியா என்று பார்த்துச் சொல்ல எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் கையும் வேண்டும்.

இதனால் முதல் விதி: மருத்துவர் நோயை உறுதி செய்த சீட்டு உள்ளவர்களே ஆறு வாரக் குழுவில் சேரலாம். சீட்டில்லாமல் வருபவரை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். மூட்டு வீக்கம் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள், முடிந்தால் துணைக்கு ஒருவரை அனுப்புங்கள். அறிகுறி தொடங்கி மூன்று மாதத்துக்குள் சரியான மருந்து தொடங்கினால் மூட்டு கோணாமல் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். கோணிய விரலை மாத்திரையால் நிமிர்த்த முடியாது. ஒரு குழு வேறெதுவும் செய்யாமல் நாலு பேரை இந்த மூன்று மாதத்துக்குள் அனுப்பிவைத்தாலே அது பெரிய வேலை.

இந்த முறை எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லாரிக் என்ற செவிலியர் 1970களின் கடைசியில் மூட்டுவாதக்காரர்களுக்காக ஒரு பாடத்திட்டம் தொடங்கினார். வாரம் ஒரு வகுப்பு, இரண்டு மணி நேரம், ஆறு வாரம். நடத்துபவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். பலர் அதே நோய் உள்ளவர்கள். அவரும் அவருடைய குழுவினரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், நாலு வருஷம் கழித்தும் வலி சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தது, மருத்துவரைப் பார்க்கப் போவது 40 சதவீதம் குறைந்திருந்தது. அதே காலத்தில் உடல் இயலாமை 9 சதவீதம் கூடியும் இருந்தது. நோய் நிற்கவில்லை, ஆனாலும் மனிதர்கள் முன்பைவிடக் குறைந்த வலியோடு இருந்தார்கள். அதிகமாக உடற்பயிற்சி செய்தவர்கள்தான் அதிகம் தேறினார்கள் என்றும் சொல்ல முடியவில்லை. "என்னால் சமாளிக்க முடியும்" என்ற நம்பிக்கை கூடியவர்கள் தேறினார்கள்.

பின்னால் 2007-இல் இப்படிப்பட்ட பல குழுக்களின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) மதிப்பாய்வு, பலன் உண்டு, ஆனால் சிறியது, குறுகிய காலத்தது என்றது. இதை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. குழுவில் சேர்ந்தால் நோய் போய்விடும் என்று யாரும் எதிர்பார்த்து வரக்கூடாது. மருந்து மூட்டைக் காக்கிறது. குழு அந்த மருந்தைத் தொடரவும் அன்றாடத்தை நடத்தவும் தெம்பு தருகிறது.

நம் பக்கத்துக்கு இது புதிய பழக்கமும் அல்ல. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஐஃபாட் என்ற சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தொடங்கியது அப்போதைய தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-இல். வட்டமாக உட்கார்ந்து, முறை வைத்துப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த வாரம் "போன வாரம் சொன்னது என்னாச்சு" என்று கேட்கும் பழக்கம் இங்கே ஒரு தலைமுறைப் பெண்களுக்குக் கைவந்தது. மூட்டுவாதக் குழுவுக்குத் தேவையானதும் அதே பழக்கம்தான்.

படி 1: நடத்த இரண்டு பேர்

ஒருவர் போதாது. நடத்துபவருக்கே நோய் கிளம்பும் வாரம் வரும். அன்று மற்றவர் நடத்துவார். இரண்டு பேரில் ஒருவருக்காவது நோய் இருக்க வேண்டும், இருவருக்கும் இருந்தால் இன்னும் நல்லது. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு ஒரு வருஷமாவது ஓரளவு கட்டுக்குள் இருப்பவராகப் பாருங்கள். நிறையப் பேசுகிறவரைவிட, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பவரைத் தேர்ந்தெடுங்கள். எண்ணெய், பொடி, ஊட்டச்சத்து டப்பா எதையாவது விற்பவர் வேண்டாம். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர் பக்கம் என்றால் ஒருவருக்காவது தெலுங்கோ கன்னடமோ பேச வரவேண்டும். வலியைத் தாய்மொழியில் சொல்வதுதான் எளிது.

ஆண்கள் சேர்வார்களா என்று கேட்பார்கள். பெண்கள் நிறைந்த வட்டத்தில் ஓர் இளைஞன் வாய் திறப்பது கஷ்டம். முதுகுத்தண்டு நோய் உள்ள பையன்கள் நாலைந்து பேர் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை தனிக் குழுவாக வைப்பதே சரி.

படி 2: மருத்துவத் துணை

குழுவுக்குப் பின்னால் ஒரு மருத்துவர் இருக்க வேண்டும். வகுப்புக்கு வந்து உட்கார வேண்டியதில்லை. இரண்டு உதவி கேளுங்கள்: நீங்கள் சொல்லித்தரப் போகும் பக்கங்களை ஒருமுறை படித்துத் திருத்தித் தருவது, ஆபத்து அறிகுறி தெரிந்தால் யாரிடம், எங்கே அனுப்புவது என்று சொல்வது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 2022-இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் பக்கத்தில் உள்ளவை. சேலத்திலோ பெங்களூரிலோ வாத நோய் நிபுணரைப் பார்க்கிறவர் குழுவில் இருந்தால், அவர் அடுத்த முறை போகும்போது இந்தப் பக்கங்களைக் காட்டி வரலாம்.

பயிற்சி சொல்லித்தர ஆள் வேண்டுமே என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். அதில் இயன்முறை சிகிச்சையாளரும் வீடு தேடி வருவார் என்பது பலருக்குத் தெரியாது. நாலாவது வார வகுப்புக்கு அவரை ஒரு மணி நேரம் கூப்பிடுங்கள்.

படி 3: இடம், நேரம், ஆட்கள்

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் சரியான அளவு. காலை 11 மணிக்கு முன் வைக்காதீர்கள்; இந்த நோய்க்காரர்களுக்கு விடியல்தான் மிக மோசமான நேரம், குளித்துக் கிளம்பவே நேரமாகும். பாயில் உட்கார வைக்காதீர்கள், கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டும். மாடிப்படி இல்லாத இடம், பக்கத்திலேயே உட்கார்ந்து எழக்கூடிய கழிப்பறை. கழிப்பறை சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், அடுத்த வாரம் வரவே மாட்டார்கள். கட்டணமில்லா நகரப் பேருந்து நிற்கும் சாலையில் இடம் பிடித்தால் பஸ் காசுப் பிரச்சினை பெண்களுக்குப் பாதி தீரும்.

மாதத்தைப் பார்த்து வையுங்கள். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாங்காய்ப் பருவத்தில் தோப்பிலும் கூழ் தொழிற்சாலையிலும் வேலை குவியும். அப்போது வைத்தால் ஆள் வராது. புளி அடித்துக் கொட்டை எடுக்கும் மாதங்களிலும் அப்படித்தான். வேலை தணிந்த ஆறு வாரம் பார்த்து, ஒரே கிழமையாக, சந்தை நாளைத் தவிர்த்து வையுங்கள்.

படி 4: ஆறு வாரம்

முதல் வாரம் அறிமுகம். ஒவ்வொருவரும் மூன்று நிமிஷத்துக்குள் தன் நோய் எப்போது தொடங்கியது, இப்போது எந்த வேலை முடியவில்லை என்று சொல்லட்டும். நேரம் பார்க்க ஓர் ஆள் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே அக்காவின் கதையில் இரண்டு மணி நேரமும் போய்விடும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அழுபவர்கள் அழட்டும். பல பேருக்குத் தன் வலியை நம்புகிற ஆட்கள் முன்னால் பேசுவது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அன்றே வாரத் திட்டம் போடக் கற்றுக்கொடுங்கள். இது எல்லா வாரமும் வரும் பாடம். "இனிமே நடக்கப் போறேன்" என்பது திட்டம் அல்ல. "செவ்வாய், வியாழன், சனி சாயங்காலம் 15 நிமிஷம் ஏரிக்கரை வரைக்கும் நடப்பேன்" என்றால் திட்டம். அதைத் தானே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், கணவர் சொன்னதாகவோ நீங்கள் சொன்னதாகவோ இருக்கக்கூடாது. அப்புறம் ஒரு கேள்வி: "பத்துக்கு எத்தனை நம்பிக்கை, இதை முடிச்சிடுவேன்னு?" ஏழுக்குக் கீழே சொன்னால் திட்டத்தைச் சிறியதாக்குங்கள். மூன்று நாளை இரண்டாக்கு, 15 நிமிஷத்தை 10 ஆக்கு. அடுத்த வாரம் முதல் வேலை, ஒவ்வொருவரும் செய்தாரா என்று கேட்பது. செய்யாதவரைத் திட்டாமல், எது தடுத்தது என்று கேட்டு வட்டத்தில் உள்ளவர்களிடமே யோசனை வாங்குங்கள். நம்பிக்கை கூடுவது இப்படித்தான்: சின்னதாக ஒன்றைச் சொல்லி, அதைச் செய்து முடித்து.

இரண்டாவது வாரம் மருந்து. இங்கே அவசரப்படாதீர்கள், முழு இரண்டு மணி நேரமும் கொடுங்கள். உயிரைக் காக்கும் பாடம் இது. மெத்தோட்ரெக்ஸேட் இந்த நோய்களில் மிக அதிகமாகத் தரப்படும் மருந்து. அது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. சர்க்கரை மாத்திரை மாதிரி தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். உலகம் முழுக்க இந்தத் தவறால் மரணங்கள் நடந்திருக்கின்றன. எனவே வட்டத்தில் ஒவ்வொருவரும் தன் மாத்திரைக் கிழமையைச் சத்தமாகச் சொல்லட்டும். "எனக்கு வியாழன்." "எனக்கு ஞாயிறு." எழுத்துத் தெரியாதவருக்கு நாட்காட்டியில் அந்தக் கிழமையில் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்தக் கிழமை தெரிந்திருக்க வேண்டும். கூடவே தரும் ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவர் சொன்ன நாளில் சாப்பிட வேண்டும். இரண்டும் சிறிய மஞ்சள் மாத்திரையாக இருந்தால் மாறிப்போகும், தனித்தனி டப்பா வையுங்கள்.

இந்த மருந்துகள் மெதுவாகத்தான் வேலை செய்யும். மெத்தோட்ரெக்ஸேட்டின் பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகலாம். மூன்றாவது வாரத்தில் "ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் மறுநாளே துள்ளி எழுவதால், ஊசி நல்லது, மாத்திரை வீண் என்ற முடிவுக்கு வருகிறார்கள். ஊசி அன்றைய வீக்கத்தை அமுக்குகிறது. அடிக்கடி போட்டால் சர்க்கரையும் எலும்பு முறிவும் வரலாம். அதே சமயம் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் திடீரென நிறுத்தவும் கூடாது, மயங்கி விழும் அளவுக்குப் போகலாம். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்படிதான்.

ரத்த அணு, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் தேதி தவறக்கூடாது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற இன்னொரு மூட்டுவாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடக்கத்தில் ஒருமுறையும், ஐந்து வருஷம் ஆனபின் வருஷாவருஷமும் கண் பரிசோதனை செய்ய வேண்டும். மாத்திரைக்குக் கட்டுப்படாதபோது தரும் உயிரியல் (பயோலாஜிக்) ஊசி மருந்துகள் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை எடுப்பார்கள். உறங்கிக் கிடக்கும் காசநோய் கிளம்பிவிடக்கூடாது என்பதற்காக. மெத்தோட்ரெக்ஸேட்டோடு சாராயம், பீர் எதுவும் வேண்டாம். புகை பிடிப்பவருக்கு நோயும் கடுமையாகும், மருந்தும் குறைவாகவே கேட்கும்.

நாட்டு மருந்துப் பேச்சு இந்த வாரம் கட்டாயம் வரும். மரியாதையாகப் பேசுங்கள். ஏற்காடு, கொல்லிமலைப் பக்கமிருந்து வரும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் உணவு. பிடித்தால் குடிக்கட்டும், மாத்திரையை நிறுத்தாமல் இருந்தால் சரி. ஆனால் பெயரோ உட்பொருளோ அச்சிடாத பொட்டலப் பொடியும் உருண்டையும் வேறு விஷயம். அப்படிப்பட்ட சில மருந்துகளில் ஸ்டீராய்டும் ஈயம், பாதரசம் போன்றவையும் இருந்தது பரிசோதனைகளில் தெரிய வந்திருக்கிறது. "ரெண்டே நாள்ல வலி பறந்துடுச்சு" என்றால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இந்த வகுப்பின் கடைசிப் பத்து நிமிஷம் ஆபத்து அறிகுறிகளுக்கு. ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சூடாகி வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனை. மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவருக்கு வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சு வாங்குதல் வந்தால் அடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் அன்றே மருத்துவர். வலி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மலம் கறுப்பாகப் போனால் உடனே. முதுகுத்தண்டு நோய் உள்ளவருக்குக் கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் கண் மருத்துவர், அன்றே. மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு இருக்கக்கூடாது. பல வருஷம் முடக்குவாதம் உள்ளவருக்குக் கழுத்து வலியோடு கை கால் மரத்தால் மருத்துவமனை. கழுத்தை நெட்டி முறிப்பது, சலூனில் திருப்புவது யாருக்கும் வேண்டாம்.

மூன்றாவது வாரம் அன்றாட வேலை. குழு மிகவும் கலகலப்பாவது இந்த வாரம்தான், ஏனென்றால் எல்லோரிடமும் ஒரு யுக்தி இருக்கும். நீங்கள் பேசாமல் அவர்களைப் பேச விடுங்கள். களித் துடுப்பின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் விரலை இறுக்க வேண்டியதில்லை. மணிக்கட்டை மடக்காமல் இரண்டு கையாலும் பிடித்துத் தோளால் தள்ளினால் பாரம் பெரிய மூட்டுக்குப் போகும். ஒரு வேளைக்கு மட்டும் கிண்டலாம். வீட்டு ஆண்கள் கிண்டலாம், ஏன் கூடாது? இடுப்புக் குடத்துக்குப் பதில் இரண்டு கையிலும் அரை வாளி. பால் கறக்குமுன் பத்து நிமிஷம் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்தால் பிடிப்பு தளரும். கட்டைவிரலை மடக்கி அழுத்திக் கறப்பதை விட வேண்டும். புளி தட்டுவது, பூக் கட்டுவது போன்ற வேலைகளில் வலி வந்தபின் நிறுத்துவதல்ல, வருமுன் நிறுத்துவது: 20 நிமிஷத்துக்கு ஒருமுறை கையை விரித்து ஓய்வு. நல்ல நாளில் எல்லா வேலையையும் சேர்த்து முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பது இந்த நோய்க்காரர் எல்லோரும் செய்வது. வேலையை வாரம் முழுக்கப் பரப்பிப் போட அன்றைய வாரத் திட்டத்திலேயே பழக்குங்கள். களைப்பு சோம்பேறித்தனம் அல்ல, நோயின் பகுதி என்பதையும் உரக்கச் சொல்லுங்கள். ரத்தசோகை சேர்ந்திருந்தால் அது இரட்டிப்பாகும்.

நாலாவது வாரம் உடற்பயிற்சியும் சாப்பாடும். இயன்முறை சிகிச்சையாளர் வந்தால் கை விரல் பயிற்சியை அவர் காட்டட்டும். முடக்குவாதக்காரர்களுக்குக் கையை நீட்டி வலுவாக்கும் பயிற்சி கைவேலைத் திறனைக் கூட்டுகிறது என்று இங்கிலாந்தில் நடந்து 2015-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. முதுகுத்தண்டு நோய்க்கு மருந்துக்குச் சமமாக முதுகு நிமிர்த்தும், நெஞ்சு விரிக்கும் பயிற்சிகள் தினமும் வேண்டும். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டை வற்புறுத்தக் கூடாது. சாப்பாட்டில் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, தக்காளி "வாய்வு" என்று ஒதுக்குபவர்கள் நிறைய. பொதுவாக இவை முடக்குவாதத்தைக் கூட்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பாலக்கோட்டில் தக்காளி விளைவித்துவிட்டு அதைத் தொடாமல் இருக்க வேண்டியதில்லை. கேழ்வரகு, கீரை, பயறு, முட்டை, கிடைத்தால் மீன். எடை கூடாமல் பார்ப்பது.

ஐந்தாவது வாரம் மனமும் குடும்பமும். வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரச் சொல்லுங்கள், கணவரோ மாமியாரோ மகளோ. காலையில் படுத்திருப்பவள் பத்து மணிக்கு நடமாடுவதைப் பார்த்து "நடிக்கிறா" என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன. அவளே விளக்கினால் சாக்குப்போக்கு ஆகிவிடும். வட்டத்தில் பத்துப் பேரும் "எனக்கும் அப்படித்தாங்க, காலைல விரல் மடங்காது, வெயில் ஏற ஏற விடும்" என்று சொன்னால் வந்தவர் கேட்டுக்கொள்கிறார். இதற்காக மட்டுமே இந்தக் குழு நடத்தலாம் என்பேன்.

கல்யாணமாகாத பெண்களின் பேச்சைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நோயை மறைத்துக் கல்யாணம் முடித்து, மாத்திரையையும் ஒளித்துச் சாப்பிட்டு, பிறகு விட்டுவிட்டுக் கை கோணியவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, இந்த நோய் உள்ளவர்கள் குழந்தை பெறலாம், நன்றாக வளர்க்கலாம். இரண்டு, மெத்தோட்ரெக்ஸேட், லெஃப்லுனோமைடு என்ற இரண்டு மூட்டுவாத மருந்துகளும் கர்ப்பத்தில் கூடவே கூடாது. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே, சில மாதம் முன்பே மருத்துவரிடம் சொன்னால் கர்ப்பத்துக்கு ஒத்துவரும் மருந்துக்கு மாற்றித் தருவார். தானாக எல்லாவற்றையும் நிறுத்துவது தாயையும் படுக்க வைத்துவிடும்.

மனச்சோர்வு இந்த நோயோடு சகஜமாக வருவது. "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்று யாராவது சொன்னால் ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். நடத்துபவர் ஒருவர் அவரோடு தனியாகப் பேசி, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் அங்கேயே பேச வைத்து, வீட்டில் ஒருவருக்கும் தெரியப்படுத்த வேண்டும். அந்த எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

ஆறாவது வாரம் மருத்துவரிடம் பேசப் பழகுவதும் சலுகைகளும். கிடைக்கும் இரண்டு, மூன்று நிமிஷத்தில் என்ன சொல்வது என்று ஒத்திகை பாருங்கள்: காலைப் பிடிப்பு எத்தனை நிமிஷம், எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு கேள்வி. சீட்டில் எழுதி எடுத்துப் போவது நல்லது. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, இயலாமை 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தாரா, மக்கள் மருந்தகத்தில் விலை குறைவாக மருந்து கிடைக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: சிக்கலான பேச்சு வரும்போது

நடத்துபவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. வாழ்வது பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மருந்தைத் தொடங்கு, நிறுத்து, அளவை மாற்று என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. "அக்கா, நான் ரெண்டு மாத்திரையை ஒண்ணாக்கிட்டேன், நல்லாத்தான் இருக்கு" என்று ஒருவர் சொல்வார். பதில்: "நல்லாருக்கறது சந்தோஷம்மா. எதனால குறைச்சே, வாந்தியா, காசா, பயமா? அதை டாக்டர்கிட்டச் சொல்ற மாதிரி இப்பவே எழுதிக்கலாம், வா." இதில் கண்டிப்பும் இல்லை, ஒப்புதலும் இல்லை. காரணம் தெரிந்தால் பெரும்பாலும் வழி இருக்கும். குமட்டல் என்றால் மருத்துவர் நேரத்தை மாற்றுவார் அல்லது ஊசியாகத் தருவார்.

எல்லாவற்றுக்கும் தன்னிடம் தீர்வு வைத்திருப்பவர் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார். அவருக்கு நேரம் பார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள். ஒருவருடைய கோணிய விரலைப் பார்த்துப் புதிதாக நோய் வந்த சின்னப் பெண் மிரண்டு போவதும் நடக்கும். அந்தக் காலத்தில் மருந்து தாமதமாகக் கிடைத்தது, இப்போது முதலிலேயே தொடங்குகிறோம் என்று அந்த மூத்தவரே அவளிடம் சொன்னால் போதும். வேறு யார் சொல்வதையும்விட அது மனதில் நிற்கும்.

குழுவில் பேசியது வெளியே போகக்கூடாது என்பதை ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் சொல்லுங்கள். நம் ஊர்களில் ஒரு பெண்ணின் நோய் டீக்கடைக்குப் போக அரை நாள் போதும்.

படி 6: கணக்கு வைத்தல்

முதல் வாரமும் ஆறாவது வாரமும் நாலு கேள்வி கேட்டு நோட்டில் எழுதுங்கள்: பத்துக்கு எவ்வளவு வலி, காலைப் பிடிப்பு எத்தனை நிமிஷம், நோயைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு, போன மாதம் எத்தனை வேளை மருந்து தவறியது. மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை. வலி குறையாமல் நம்பிக்கை மட்டும் கூடியிருந்தால் அதுவும் பலன்தான். மருந்து தவறுவது குறையவே இல்லை என்றால் இரண்டாவது வாரப் பாடத்தை மாற்றி எழுத வேண்டும். பெயரை மறைத்து இந்தப் பக்கத்தை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள், அடுத்த குழுவுக்கு அவரே ஆள் அனுப்புவார்.

ஆறு வாரத்துக்குப் பிறகு

மாதம் ஒரு சந்திப்பு போதும். வாட்ஸ்ஆப் குழு வைத்தால் மூன்று விதி: மருந்து விளம்பரமும் பார்வர்டு வைத்தியமும் கூடாது, மற்றவரின் ரத்தப் பரிசோதனைத் தாளுக்கு யாரும் விளக்கம் சொல்லக்கூடாது, இரவு ஒன்பதுக்கு மேல் பதிவு வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள் குரல் பதிவாகப் போடட்டும். வாரத் திட்டத்தை அங்கே சொல்லிக்கொள்ளலாம். "இன்னிக்கு நடந்துட்டேன்" என்ற ஒரு வரி மற்றவரையும் செருப்பை மாட்ட வைக்கும்.

முதல் குழுவிலிருந்து இரண்டு பேரைக் கண்டுபிடித்து அடுத்த குழுவில் உங்களோடு துணைக்கு உட்கார வையுங்கள், அதற்கடுத்த குழுவை அவர்கள் நடத்தட்டும். அவர்கள் ஊர் வேறாக இருந்தால் இன்னும் நல்லது: காரிமங்கலத்தில் கற்றவர் பென்னாகரத்தில் நடத்தலாம், ஊத்தங்கரைக்காரர் போச்சம்பள்ளிக்குப் போகலாம். கொடுக்க வேண்டியது மருத்துவர் திருத்திய அந்தப் பக்கங்களின் நகல், ஆபத்து அறிகுறிகள் எழுதிய அட்டை, கிழமைக்குச் சிவப்பு வட்டம் போட ஒரு நாட்காட்டி. பக்கங்களை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் மறுபடி காட்டி வாங்குங்கள். மருந்துகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.